நூறு பேருக்குப் பத்து லைன்

நூறு பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு தொலைபேசி. இந்த நூறு பேரும் வெளியுலகத்தோடு பேச எத்தனை லைன் வாங்க வேண்டும்? நூறு என்றால் பணம் வீண். பெரும்பாலான நேரம் பெரும்பாலான லைன்கள் சும்மா கிடக்கும். ஐந்து என்றால் காலை பதினொரு மணிக்கு யாருக்கும் லைன் கிடைக்காது. பத்து வாங்கினால் பல அலுவலகங்களில் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். இந்தப் பத்து எங்கிருந்து வந்தது? நூறு பேர் அதை எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்? எக்ஸ்டென்ஷன், டிரங்க், ஹன்டிங், பிஆர்ஐ, எஸ்ஐபி என்று அலுவலகத் தொலைபேசியைச் சுற்றிப் புழங்கும் சொற்கள் பலருக்கு மிரட்சி தருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை இந்தப் பங்கீட்டின் பல கூறுகள்தான். இந்த அத்தியாயத்தில் அவற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்ப்போம்.

முதலில் கம்பி. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு தரைவழித் தொலைபேசிக்கு வருவது இரண்டே இரண்டு செம்புக் கம்பிகள். அவற்றின் நடுவே 48 வோல்ட் பேட்டரி மின்சாரம் எப்போதும் தயாராக நிற்கிறது. ரிசீவர் தாங்கியில் இருக்கும்வரை சுற்று மூடவில்லை, மின்சாரம் ஓடாது. ரிசீவரை எடுத்ததும் சுற்று மூடிக்கொண்டு இருபது, முப்பது மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் ஓடுகிறது. ‘இவர் பேச விரும்புகிறார்’ என்று எக்ஸ்சேஞ்ச் தெரிந்துகொள்வது இந்த ஓட்டத்தை வைத்துத்தான். ‘நான் தயார், எண்ணைச் சொல்’ என்று அது தரும் பதில்தான் நம் காதில் விழும் டயல் டோன். வெளியிலிருந்து அழைப்பு வரும்போது எக்ஸ்சேஞ்ச் அதே கம்பியில் 75 வோல்ட்டுக்கும் கூடுதலாக, நொடிக்கு இருபது முதல் இருபத்தைந்து முறை திசைமாறும் மின்சாரத்தை அனுப்பி மணியடிக்க வைக்கிறது. வேலை செய்துகொண்டிருக்கும் லைன்மேன் கையில் வெறும் கம்பி இருக்கும் நேரம் பார்த்து யாராவது அந்த எண்ணை அழைத்தால் சுரீரென்று ஏறும்.

பேட்டரியின் நேர்முனை நிலத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால் கம்பி நிலத்தைவிட எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். ஈரமான மண்ணில் புதைந்த செம்பு மின்பகுப்பால் அரிக்கப்படாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்தே வருவதால், ஊரில் மின்வெட்டு வந்தாலும் பழைய தொலைபேசி வேலை செய்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆக, கம்பியின் இரு முனைகளிலும் இருவேறு வேலைகள் நடக்கின்றன. ஒரு முனை மின்சாரமும் டயல் டோனும் மணியும் தருகிறது. மறுமுனை அவற்றைப் பெற்றுக்கொள்கிறது. தரும் முனைக்கு எஃப்எக்ஸ்எஸ், பெறும் முனைக்கு எஃப்எக்ஸ்ஓ என்று பெயர். கருவிகள் வாங்கும்போது கையேட்டில் அடிக்கடி தட்டுப்படும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. சுவரில் இருக்கும் தொலைபேசி ஜாக் எஃப்எக்ஸ்எஸ். அதில் செருகும் தொலைபேசி எஃப்எக்ஸ்ஓ. எஃப்எக்ஸ்எஸ்ஸோடு எஃப்எக்ஸ்ஓதான் பொருந்தும். தருகிற இரண்டையும் சேர்த்தால் வாங்க ஆளில்லை. வாங்குகிற இரண்டையும் சேர்த்தால் தர ஆளில்லை.

அலுவலகத்தின் ஒரு மூலையில் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிக்கு நம் ஊரில் இபிஏபிஎக்ஸ் என்று பெயர். பலர் சுருக்கமாக இன்டர்காம் பெட்டி என்பார்கள். அது இந்த இரண்டு வேலைகளையும் ஒரே நேரத்தில் செய்கிறது. உள்ளே இருக்கும் நூறு தொலைபேசிகளுக்கு அது எக்ஸ்சேஞ்ச்: மின்சாரம் தரும், டயல் டோன் தரும், மணியடிக்கும். வெளியே இருக்கும் எக்ஸ்சேஞ்சுக்கோ அது வெறும் ஒரு தொலைபேசி: ரிசீவரை எடுத்ததுபோலச் சுற்றை மூடிக்காட்டி, எண்ணைச் சுழற்றி, மணியைக் கேட்டுப் பதில் சொல்லும். உள்பக்கம் செல்லும் ஒவ்வொரு கம்பியும் எக்ஸ்டென்ஷன். வெளிப்பக்கம் செல்லும் ஒவ்வொன்றும் டிரங்க், அல்லது சிஓ லைன். தபால் தந்தித் துறை 1985இல் பிரிக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும் நம் பழைய டெக்னீஷியன்கள் இதைப் பி அண்ட் டி லைன் என்றே சொல்கிறார்கள். இந்த உள், வெளி வேறுபாடு மனத்தில் நின்றுவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இப்படி நடுவில் ஒரு பெட்டி ஏன் வேண்டும்? நூறு தொலைபேசிகளை ஒன்றோடொன்று நேராக இணைப்பதானால் 4,950 ஜோடிக் கம்பிகள் இழுக்க வேண்டும். நடுவில் ஒரு மாற்றிடம் வைத்தால் நூறு ஜோடி போதும். 1878 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள நியூ ஹேவன் நகரில், 21 சந்தாதாரர்களோடு ஜார்ஜ் காய் தொடங்கிய முதல் வணிக எக்ஸ்சேஞ்ச் செய்தது இதைத்தான். அடுத்த நான்கே ஆண்டுகளில், 1882இல், கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் எக்ஸ்சேஞ்சுகள் இயங்கின. இதே யோசனையைத் தன் கட்டடத்துக்குள் ஒரு நிறுவனம் சொந்தமாக வைத்துக்கொண்டால் அது பிபிஎக்ஸ், அதாவது தனியார் கிளை எக்ஸ்சேஞ்ச்.

தொடக்கத்தில் அந்தப் பெட்டியின் மூளை ஒரு மனிதர். வரிசை வரிசையாகத் துளைகள் கொண்ட பலகை, செருகிகளோடு தொங்கும் வடங்கள், அதன் முன் தலையில் ஹெட்செட் மாட்டிய ஆப்பரேட்டர். அழைப்பு வந்தால் சிறு மூடி விழும், அல்லது விளக்கு எரியும். ஆப்பரேட்டர் செருகியைச் சொருகிப் பேசி, மறுமுனைச் செருகியை உரிய துளையில் செருகுவார். நம் அலுவலகங்களில் பொது எண்ணை இன்றும் ‘போர்டு நம்பர்’ என்கிறோம். அந்தப் பலகையில் உட்கார்ந்தவர்களின் உழைப்பைத் தொழில்நுட்ப வரலாறுகள் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம். யார் எந்த நேரத்தில் இருக்கையில் இருப்பார், யாருடைய அழைப்பை யாரிடம் திருப்பக் கூடாது, எந்தக் குரலில் அவசரம் இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வந்த இயந்திரங்கள் அவர்களுடைய கைவேலையைத்தான் எடுத்துக்கொண்டன. இந்த அறிவை எடுத்துக்கொள்ள அவற்றால் முடியவில்லை.

கைக்குப் பதில் இயந்திரத்தைக் கொண்டுவந்தவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். கன்சாஸ் சிட்டியில் ஈமச்சடங்கு ஏற்பாட்டுத் தொழில் செய்தவர். 1891இல் காப்புரிமை பெற்றார். 1892இல் இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் அவருடைய தானியங்கி எக்ஸ்சேஞ்ச் இயங்கத் தொடங்கியது. ஸ்ட்ரோஜர் ஸ்விட்ச் அடிப்படையில் இரண்டு அசைவுகள் கொண்டது: ஓர் இலக்கத்தை டயல் செய்தால் அந்த எண்ணிக்கை அளவுக்கு மேலே ஏறும், அடுத்த இலக்கத்துக்குப் பக்கவாட்டில் சுழலும். பத்து தளம், தளத்துக்குப் பத்து முனை, மொத்தம் நூறு. பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் இடைநிலை ஸ்விட்சுகள் ஒரு படி மேலே போயின. இலக்கத்துக்கு ஏற்பத் தளத்தில் ஏறிய பிறகு, அந்தத் தளத்தில் காலியாக இருக்கும் முனை எது என்று தாமாகவே ஒவ்வொன்றாகத் தடவித் தேடின. காலியாக இருப்பதைத் தேடிப் பிடிக்கும் இந்தச் செயலுக்கு ஹன்டிங் என்று பெயர். இரும்புக் கை போய் மென்பொருள் வந்த பிறகும் இந்தச் செயல் அப்படியே நடக்கிறது.

இயந்திரம் நுழைந்ததும் பிபிஎக்ஸ், தானியங்கியைக் குறிக்கும் ஏ எழுத்தைச் சேர்த்துக்கொண்டு பிஏபிஎக்ஸ் ஆனது. மின்னணுச் சுற்றுகள் வந்ததும் முன்னால் இன்னோர் இ ஒட்டிக்கொண்டது. இந்தியாவில் இந்த மாற்றம் பரவலானது 1980களில். 1984இல் அமைக்கப்பட்ட அரசுத் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி அமைப்பான சி-டாட், 128 முனைகள் கொண்ட சிறிய டிஜிட்டல் ஸ்விட்சை வடிவமைத்தது. குளிரூட்டும் வசதி இல்லாத அறையிலும் ஓடும்படி அமைத்த இந்த ஸ்விட்ச், கிராம எக்ஸ்சேஞ்சாக 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. நூற்றுச் சொச்சம் முனைகள் கொண்ட ஒரு கிராம எக்ஸ்சேஞ்சுக்கும் ஒரு பெரிய அலுவலகத்தின் இபிஏபிஎக்ஸுக்கும் அடிப்படை வேலையில் வேறுபாடு அதிகமில்லை.

சிறிய கடைக்கும் டாக்டரின் கிளினிக்குக்கும் இவ்வளவு தேவைப்படாது. அங்கே கீ சிஸ்டம் போதும். நாலு லைன் என்றால் ஒவ்வொரு தொலைபேசியிலும் நாலு பொத்தான், நாலு விளக்கு. எரியாத விளக்கு காலி லைன். அதை அழுத்திப் பேச வேண்டியதுதான். பிபிஎக்ஸில் எந்த லைன் என்று இயந்திரம் தேர்ந்தெடுக்கிறது. கீ சிஸ்டத்தில் மனிதர் தேர்ந்தெடுக்கிறார். இன்று விற்கும் சின்னப் பெட்டிகள் பல இரண்டையும் செய்யும்.

இனி அந்தப் பத்துக்கு வருவோம். இந்த அத்தியாயத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி இது.

ஆக்னர் க்ராரப் எர்லாங் 1878இல் டென்மார்க்கில் பிறந்தார். கணிதம் படித்துவிட்டுப் பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். டேனிஷ் கணிதச் சங்கத்தின் கூட்டங்களில் அவருக்கு யோஹான் ஜென்சன் அறிமுகமானார். கணித மாணவர்கள் படிக்கும் ஜென்சன் சமனின்மைக்குச் சொந்தக்காரர் அவர். பிழைப்புக்கு அவர் பார்த்தது கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பொறியாளர் வேலை. அவர் மூலமாக எர்லாங் 1908இல் அங்கே சேர்ந்தார். அளவெடுக்க ஆள் போதாத அந்தக் காலத்தில், ஏணி சுமக்கும் ஒரு தொழிலாளியோடு கோபன்ஹேகன் தெருக்களில் நடந்து, சாலைக்கடியில் இருக்கும் கேபிள் குழிகளில் இறங்கி அளவுகள் எடுத்தவர் அவர். 1909இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒருவரையொருவர் அறியாத ஏராளமானவர்கள் அவரவர் விருப்பத்துக்கு அழைக்கும்போது, அழைப்புகளின் வரத்து பாய்சான் பரவல் என்ற கணித ஒழுங்கில் அமைகிறது என்று அதில் காட்டினார். ஒவ்வோர் அழைப்பும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மொத்தக் கூட்டத்தின் நடத்தையைச் சொல்ல முடியும். 1917இல் அதைவிடப் பெரியதொரு கட்டுரை வந்தது: இத்தனை லைன், இத்தனை அழைப்பு என்றால் எத்தனை பேருக்கு லைன் கிடைக்காமல் போகும் என்று கணக்கிடும் சூத்திரம்.

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுவதும் இடைவிடாமல் பேச்சில் இருந்தால் அது ஓர் எர்லாங். 1946இல் அவர் பெயரையே அலகுக்கு வைத்தார்கள். நம் அலுவலகத்தில் நெரிசலான ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவரும் சராசரியாக மூன்று நிமிடம் வெளி அழைப்பில் இருக்கிறார்கள் என்று கொள்வோம். நூறு பேருக்கு 300 நிமிடம். அறுபதால் வகுத்தால் 5 எர்லாங். சராசரியாக ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள் என்பது இதன் பொருள்.

அப்படியானால் ஐந்து லைன் போதுமே என்று தோன்றும். போதாது. ஆட்கள் வரிசையில் வருவதில்லை; ஒரு கணம் இரண்டு பேர், மறு கணம் ஒன்பது பேர். ஐந்து லைன் மட்டும் இருந்தால் நூறு அழைப்பில் 28 அழைப்புக்கு லைன் கிடைக்காது என்கிறது எர்லாங்கின் சூத்திரம். எட்டு லைன் வைத்தால் அது 7 ஆகக் குறையும். பத்து வைத்தால் இரண்டுக்கும் கீழே போய்விடும். பதினொன்று வைத்தால் ஒன்றுக்கும் கீழே. அதற்குமேல் சேர்க்கும் ஒவ்வொரு லைனுக்கும் பணம் போகும், பயன் சொற்பம். ஆகவே பத்து.

இதே சூத்திரம் இன்னொரு செய்தியும் சொல்கிறது. நிர்வாகிகள் பலர் செய்யும் ஒரு காரியம் உண்டு: பத்து லைனை அக்கவுண்ட்ஸுக்கு ஐந்து, சேல்ஸுக்கு ஐந்து என்று பிரித்துக்கொடுத்துவிடுவது. பார்க்க நியாயமாகத் தெரியும். பிரிவுக்கு இரண்டரை எர்லாங் சுமை, ஐந்து லைன் என்று கணக்குப் போட்டால் நூற்றுக்கு ஏழு அழைப்பு தோற்கிறது. ஒன்றாக வைத்திருந்தபோது இரண்டுகூட இல்லை. லைன் எண்ணிக்கை மாறவில்லை, பேச்சு கூடவில்லை, நடுவே கோடு கிழித்ததால் மட்டும் தோல்வி கிட்டத்தட்ட நான்கு மடங்கு. சேல்ஸ்காரர் லைன் இல்லாமல் தவிக்கும் அதே நொடியில் அக்கவுண்ட்ஸில் இரண்டு லைன் சும்மா இருக்கும். பொதுவில் வைத்துப் பயன்படுத்துவதன் வலிமையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கணக்கு வேறெதுவும் எனக்குத் தெரியாது. மருத்துவமனைப் படுக்கைகளையும் கணினி சர்வர்களையும் திட்டமிடுகிறவர்கள் எர்லாங்கின் கணிதத்தைத் தேடிப் போவதற்கு இதுவே காரணம்.

சூத்திரத்துக்கும் எல்லை உண்டு. லைன் கிடைக்காதவர் பேசாமல் போய்விடுவார் என்று அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அவர் உடனே மறுபடி டயல் செய்வார்; நெரிசல் நெரிசலைக் கூட்டும். அழைப்பவர்கள் ஒருவரோடொருவர் தொடர்பில்லாதவர்கள் என்றும் அது எடுத்துக்கொள்கிறது. பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் காலையில் ஒரு பள்ளிக்கு வரும் அழைப்புகளுக்கு அது பொருந்தாது. காத்திருக்க வைத்துப் பதில் சொல்லும் கால் சென்டர்களுக்கு எர்லாங் வேறொரு சூத்திரம் வைத்திருக்கிறார். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்று கேட்டுக்கொண்டே நாம் நிற்கும் நிமிடங்களைத் திட்டமிடுவது அதை வைத்துத்தான்.

வெளியிலிருந்து உள்ளே வரும் அழைப்புக்கு வருவோம். பத்து லைனுக்கும் பத்து எண்கள் இருந்தாலும் ஊருக்குச் சொல்வது ஒரே எண்தான். அதுதான் பைலட் நம்பர். அது பேச்சில் இருந்தால் அழைப்பு அடுத்த லைனுக்கு, அதுவும் பேச்சில் இருந்தால் அதற்கடுத்ததற்கு என்று தாவும். ஸ்ட்ரோஜரின் இரும்புக் கை செய்த அதே ஹன்டிங். அலுவலகத்துக்குள்ளும் இது நடக்கும்: விசாரணைப் பிரிவின் நான்கு எக்ஸ்டென்ஷன்களை ஒரு ஹன்ட் குரூப்பாக வைத்தால் காலியாக இருப்பவருக்கு மணியடிக்கும்.

அழைப்புகள் பெருகினால் பத்துச் செம்பு ஜோடிகளுக்குப் பதில் பிஆர்ஐ வாங்குவார்கள். நம் குரலைத் தொலைபேசி வலைப்பின்னல் நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு பிட்டுகளாக எழுதுகிறது. ஆக ஒரு பேச்சுக்கு நொடிக்கு 64,000 பிட். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இப்படி 32 பாதைகளை ஒரே இணைப்பில் அடுக்குகிறார்கள். அவற்றில் ஒன்று இரு முனைகளின் கடிகாரத்தையும் ஒத்துப்போக வைக்கிறது. இன்னொன்று யார் யாரை அழைக்கிறார் என்ற செய்திகளைச் சுமக்கிறது. மீதி முப்பதும் பேச்சுக்கு. டெக்னீஷியன்கள் சொல்லும் ‘முப்பது சேனல்’ இதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பிஆர்ஐயோடு நூறு எண்கள் கொண்ட தொகுப்பையும் வாங்கலாம். மேசைக்கொரு நேரடி எண். வெளியிலிருந்து அழைப்பவர் ஆப்பரேட்டரைத் தொடாமலேயே வந்துவிடலாம். இதற்கு டிஐடி என்று பெயர். நூறு எண் இருப்பதால் நூறு பேர் ஒரே நேரத்தில் பேசலாம் என்று நினைக்கக் கூடாது. எண் என்பது முகவரி. சேனல் என்பது பாதை. நூறு முகவரிகளுக்கும் முப்பது பாதைகள்தான். விலைப்பட்டியலைப் பார்க்கும்போது எதற்குப் பணம் கேட்கிறார்கள் என்று இதை வைத்துப் பிரித்துப் பாருங்கள்.

எக்ஸ்டென்ஷன் எண்ணை அழைப்பவரே அழுத்திக்கொள்ளும் வசதிக்குப் பின்னால் ஓர் அழகான பொறியியல் இருக்கிறது. பழைய வட்ட டயல், சுற்றை நொடிக்குப் பத்து முறை துண்டித்துத் துண்டித்து எண்ணைச் சொன்னது. அந்தத் துண்டிப்பு பக்கத்து எக்ஸ்சேஞ்ச்வரைதான் போகும். இணைப்பு கிடைத்த பின் மறுமுனைக்குக் கேட்காது. 1963இல் பென்சில்வேனியாவில் பெல் நிறுவனம் அறிமுகப்படுத்திய பொத்தான் தொலைபேசி, எண்ணை ஒலியாக மாற்றியது. ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு சுரங்கள்: வரிசைக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்று. ஐந்தை அழுத்தினால் 770 ஹெர்ட்ஸும் 1,336 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். மனிதக் குரல் தற்செயலாக அந்த ஜோடியை எழுப்பிவிடாதபடி அதிர்வெண்களைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தார்கள். குரல் போகும் வழியெல்லாம் இந்த ஒலியும் போகும். ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்னும் ஐவிஆர் சாத்தியமானது இதனால்தான்.

ஒரே ஜோடிக் கம்பியில் பேச்சை நிறுத்திவைத்து இயந்திரத்துக்குக் கட்டளையிடும் வழியும் உண்டு. ஃபிளாஷ் பொத்தான் சுற்றை ஒரு கணம் துண்டிக்கிறது. வட்ட டயலின் துண்டிப்பைவிட நீளம், ரிசீவரை வைப்பதைவிடக் குறைவு. ஃபிளாஷ், பிறகு எக்ஸ்டென்ஷன் எண். அவர் எடுத்ததும் விவரம் சொல்லி வைத்துவிட்டால் அழைப்பு அவருக்குப் போய்விடும். சொல்லாமலே தள்ளிவிட்டால் அது பிளைண்ட் டிரான்ஸ்ஃபர். முதல் முறையையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வேன். தள்ளிவிடப்பட்டவர் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்து மேசையில் அடிக்கும் மணியை நம் மேசையிலிருந்தே எடுப்பது கால் பிக்கப். அழைப்பைப் பொதுவான ஓர் எண்ணில் நிறுத்திவைத்து வேறு அறைக்குப் போய் எடுப்பது கால் பார்க். ஹோல்டில் கேட்கும் இசை ஒரு தற்செயல். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லெவி என்பவரின் தொழிற்சாலையில் தொலைபேசிக் கம்பி ஒன்று கட்டடத்தின் இரும்பு உத்திரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டடத்து வானொலி ஒலிபரப்பு, காத்திருந்தவர்களின் காதில் விழுந்தது. அதிலிருந்து யோசனை பிறந்து, 1966இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

இப்போது பெட்டியே கரைந்துகொண்டிருக்கிறது. 1999இல் ஒரே ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. எஸ்ஐபி என்ற இணைய நெறிமுறையின் முதல் தரநிலை வெளியானது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், தன் சிறு நிறுவனத்துக்கு பிபிஎக்ஸ் வாங்கப் பணம் போதாமல், சாதாரணக் கணினியில் ஓடும் பிபிஎக்ஸ் மென்பொருளைத் தானே எழுதத் தொடங்கினார். ஆஸ்டரிஸ்க் என்ற அந்த மென்பொருளை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எஸ்ஐபியில் ‘வா’ என்று ஒரு செய்தி போகிறது. ‘மணியடிக்கிறது’ என்று ஒரு பதில். ‘சரி’ என்று இன்னொன்று. முடிந்ததும் ‘போய் வருகிறேன்’. குரல், இருபது மில்லி நொடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு இணையப் பொட்டலங்களில் பறக்கிறது. பொட்டலங்களின் முகவரித் தலைப்புகளையும் சேர்த்து ஒரு பேச்சுக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறத்தாழ 80 கிலோபிட். எஸ்ஐபி டிரங்க் வாங்கும்போது கம்பி வருவதில்லை. ஒரே நேரத்தில் எத்தனை பேச்சு என்ற அனுமதிதான் வருகிறது. அந்த எத்தனைக்கும் எர்லாங்கின் கணக்குத்தான்.

இந்தப் புதிய ஏற்பாட்டில் நாம் இழந்தது ஒன்றுண்டு. ஐபி தொலைபேசிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவதில்லை. நம் கட்டடத்திலிருந்து வருகிறது. கட்டடம் இருண்டால் தொலைபேசியும் இருண்டுவிடும். பழைய இபிஏபிஎக்ஸ்களில் பல, மின்சாரம் போனால் ஒரு வெளி லைனை ஒரு குறிப்பிட்ட தொலைபேசியோடு நேராக இணைத்துவிடும். அந்த ஒரு தொலைபேசி எது என்று தெரிந்துவைத்திருக்கும் அலுவலகம் அரிது.

கடைசியாக எண் திட்டம். நான்கு பேர் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் முடிவு செய்யும் காரியம் இது. முதல் இலக்கத்தைக் கேட்டதுமே பெட்டி ஒரு முடிவெடுக்க வேண்டும்: இது உள்ளா, வெளியா? அதற்காக ஓர் இலக்கத்தை வெளிக்கென்று ஒதுக்குகிறார்கள். அமெரிக்காவில் அது பெரும்பாலும் 9. நம் ஊரில் பெரும்பாலும் 0. இந்தியாவில் தரைவழித் தொலைபேசியிலிருந்து மொபைலுக்கு அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 15இல் வந்தது. ஆகவே வெளி லைனுக்கு 0 வைத்த அலுவலகத்திலிருந்து மொபைலை அழைப்பவர் இரண்டு 0 அழுத்த வேண்டியிருக்கிறது.

வெளிக்கென்று ஒதுக்கும் இந்த ஓர் இலக்கம் எதுவரை போகும் என்பதற்கு ஒரு நிகழ்வு. 2013 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் நகரில், ஒரு மோட்டல் அறையில் ஒரு பெண்ணை அவரைப் பிரிந்து வாழ்ந்த கணவர் தாக்கிக் கொன்றார். அறையில் இருந்த ஒன்பது வயது மகள் அமெரிக்காவின் அவசர எண்ணான 911க்கு நான்கு முறை டயல் செய்தாள். அழைப்பு போகவேயில்லை. வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் செய்தது சரி. பள்ளியிலும் வீட்டிலும் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தாள். தவறு எண் திட்டத்தில் இருந்தது. இறந்த பெண்ணின் பெயரால் ‘கேரி சட்டம்’ 2018 பிப்ரவரியில் அமெரிக்காவில் கையெழுத்தானது. 2020 பிப்ரவரி 16க்குப் பிறகு அங்கே நிறுவப்படும் பல லைன் தொலைபேசி அமைப்புகளில், முன்னொட்டு எதுவும் இல்லாமலே 911 போக வேண்டும். அழைப்பு போனதும் வரவேற்பு மேசை போன்ற ஓரிடத்துக்குத் தகவலும் எட்ட வேண்டும்.

நம் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸுக்கு 108. நாடு முழுவதற்கும் பொது அவசர எண் 112. நம் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் அறை எண்ணையே எக்ஸ்டென்ஷன் எண்ணாக வைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. முதல் மாடியில் 101 முதல் 120 வரை அறைகள் இருந்தால், நெஞ்சு வலியோடு 108 அழுத்துபவருக்கு எட்டாம் அறையில் மணியடிக்கும். 112 அழுத்தினால் பன்னிரண்டாம் அறையில். பெட்டியைப் பொறுத்தவரை அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. இதைத் தவிர்க்கப் பெரிய செலவு ஒன்றுமில்லை. எக்ஸ்டென்ஷன் எண்களை 2இல் தொடங்கும்படி அமைத்து, 1இல் தொடங்கும் எதையும் உள்ளுக்கு ஒதுக்காமல் விட்டு, 108ஐயும் 112ஐயும் 0 இல்லாமலே வெளியே அனுப்பும்படி நிரல் செய்தால் போதும்.

உங்கள் அலுவலகத்திலோ பள்ளியிலோ விடுதியிலோ மேசைத் தொலைபேசி இருந்தால், அதைப் பராமரிப்பவரை அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள். 108 அழுத்தினால் எங்கே போகும்? மின்சாரம் போனால் எந்தத் தொலைபேசி வேலை செய்யும்? அவசர அழைப்பு போனால் வாசலில் இருப்பவருக்குத் தெரியுமா? பதில் வரும்வரை, அவசரத்துக்கு அழுத்த வேண்டிய எண்ணை, முன்னால் 0 வேண்டுமானால் அந்த 0வோடு சேர்த்து, ஒவ்வொரு தொலைபேசியின் மேலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.